தாத்தாவின் மூக்குக்கண்ணாடி

எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேரும் தாத்தா, மறுநாள் இரவு சொந்த மகனையே “நீ யாருப்பா?” என்று கேட்பதுண்டு. புத்தி போய்விட்டதென வீட்டார் அழுவார்கள். மறதி நோய் மெல்ல, வருடக்கணக்கில் வருவது. ஓரிரு நாளில் வருவது வேறு; அது மனக்குழப்பம். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, தூக்க மாத்திரை, ஏன், மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலோர் தெளிவார்கள். அமெரிக்காவின் யேல் மருத்துவர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் 70 வயதான, அதற்கும் மேற்பட்ட 852 நோயாளிகள் இருந்தார்கள். கண்ணாடி, தண்ணீர், நடை, தூக்கம் இவற்றைக் கவனித்த பிரிவில் 100-க்கு 10 பேர் குழம்பினார்கள். மற்றதில் 15 பேர். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸோடு, வீட்டில் விட்டுவந்த கண்ணாடியையும் கொண்டுபோங்கள். சத்தம் போடாமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கும் பாட்டியைப் பற்றி உடனே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.