தோற்றார் அவை

இரவு உணவிற்குப் பின்னர் விடுதியின் மேல்மாடியில் நண்பர் சிலர் கூடித் திரையின் முன் அமர்ந்து, இரண்டு உருவங்களைத் தம்முள் பொருதச் செய்து மகிழ்வதைக் கண்ட ஆசிரியர் ஒருவர், "தமிழ் பயில்வார்க்கு இதனால் ஆம் பயன் யாது?" என்று எம்மை வினவினார். அன்று யாம் விடை கூறிலேம். கூறத்தக்க விடையும் எம்மிடம் இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தமை மற்றொரு காரணம். இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபொழுது அவ்வினாவே நினைவிற்கு வந்தமையின், அதனைப் பற்றிச் சில எழுதத் துணிந்தேம்.

சண்டை விளையாட்டு என்று ஈண்டுக் குறித்தது, இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் உயிர்க்கோட்டினை மற்றவர் குறைத்து வெல்லும் வீடியோ விளையாட்டினை. ஜப்பான் நாட்டுக் காப்காம் நிறுவனத்தார் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்ட்ரீட் பைட்டர் இரண்டு என்பதே இவ்வகைக்குத் தலையாய முன்மாதிரி. ஒரு வியப்பினை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஓர் அடி முடிவதற்குள் அதனை அறுத்து மற்றோர் அடியைத் தொடுக்கும் 'காம்போ' என்னும் தொடரடி, இன்று இவ்விளையாட்டிற்கு இலக்கணமாகவே கருதப்படுகின்றது. ஆயின் அது திட்டமிட்டு அமைக்கப்பட்டதன்று. ஆக்கியோர் பிழை பார்க்கும்பொழுது தற்செயலாகக் கண்டு, எவரும் எளிதிற் செய்ய இயலாதென்று எண்ணி விட்டுவிட்ட ஒன்று. வழுவாக இருந்தது வழுவமைதியாகிப் பின் விதியாகவே ஆனவாறு, இலக்கணம் பயில்வார்க்கு இனிமை தருவதாம்.

இவ்விளையாட்டில் காலம் மிக நுண்ணியதாகப் பகுக்கப்படும். திரையில் ஒரு வினாடிக்கு அறுபது படங்கள் தோன்றி மறையும். அவற்றுள் ஒன்றனை 'ப்ரேம்' என்பர். விரைவான குத்து நான்கு அல்லது ஐந்து ப்ரேம்களில் எதிரியைச் சென்று சேரும். அஃதாவது வினாடியின் பன்னிரண்டில் ஒரு கூறு அல்லது அதனினும் குறைவு. கண்ணாற் கண்டு கையால் மறுமொழி தருதற்கு மனிதர்க்கு ஏறக்குறைய வினாடியில் ஐந்தில் ஒரு கூறேனும் வேண்டும். ஆகவே அக்குத்தினைக் கண்டபின் தடுத்தல் எவர்க்கும் ஆகாத செயல். அது வருமுன்னரே வருமென்று உணர்ந்திருத்தல் வேண்டும். தடுப்பவனைப் பற்றி எறிதல் வெல்லும். பற்ற வருபவனைக் குத்து வெல்லும். குத்த வருபவனைத் தடுப்பு வெல்லும். இம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி வருதலின் எப்பொழுதும் நலமான செயல் என்று ஒன்றில்லை; எதிரே அமர்ந்தவர் இப்பொழுது என் நினைக்கின்றார் என்பதே கேள்வி. அவர் நெஞ்சினை அறிதலை ஜப்பானியர் 'யோமி' என்பர். அச்சொல்லிற்குப் 'படித்தல்' என்பது பொருள். இதனை அறிந்த நாள்தொட்டு எம் ஆசிரியர்க்குக் கூறத்தக்க விடையில் ஒரு பாதி கிடைத்ததாகக் கருதுகின்றேம்.

மறுபாதி, இவ்வாட்டத்தார் கூடும் அவையைப் பற்றியது.

1996ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், சன்னிவேல் என்னும் ஊரில், காசிட்டு ஆடும் பொறிகள் நிறைந்த ஆர்க்கேடு ஒன்றில் நாற்பதுபேர் கூடி ஒரு போட்டி நடத்தினர். அதற்குப் 'பேட்டில் பை த பே' என்று பெயர். டாம் கானன், டோனி கானன் என்னும் சகோதரரும் அவர்தம் தோழரும் அதனை வளர்த்தனர். 2002இல் அதுவே 'எவோ' என்று பெயர் பெற்றது. ஆர்க்கேடுகளில் ஓர் எழுதாச் சட்டம் உண்டு. அடுத்து ஆட விரும்புவோர் தம் காசினைப் பொறியின் விளிம்பில் வைப்பர். வென்றவர் இருந்த இடத்திலேயே நிற்பர். தோற்றவர் எழுந்து மீண்டும் காசு வைத்து வரிசையிற் காத்திருப்பர். காசு செலவாவது எப்பொழுதும் தோற்றவர்க்கே. தோல்விக்கு விலை இருந்தமையின் அதிலிருந்து கற்றே தீரவேண்டியதாயிற்று. 2004இல் எவோ அப்பெரும் பொறிகளை விடுத்து, வீட்டில் வைத்து ஆடும் சிறு பொறிகளுக்கு மாறியபொழுது பழையோர் பலர் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டென்றே எண்ணுகின்றேம். எனினும் அம்மாற்றம் இன்றி ஆர்க்கேடு இல்லாத ஊரினர் அவ்வவையில் இடம் பெறுதல் அரிதாகியிருக்கும்.

அவ்வாண்டிலேதான், போமோனா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த எவோவில், இக்கூட்டத்தார் இன்றளவும் பேசும் நிகழ்ச்சி நேர்ந்தது. ஸ்ட்ரீட் பைட்டர் மூன்றின் 'தேர்ட் ஸ்ட்ரைக்' என்னும் பதிப்பில் ஜப்பானியராகிய டைகோ உமேஹாராவும் அமெரிக்கராகிய ஜஸ்டின் வாங்கும் எதிர்த்தனர். டைகோவின் கென் என்னும் வீரனுக்கு உயிர்க்கோட்டில் ஒரு நூலிழையே எஞ்சியிருந்தது. ஜஸ்டினின் சுன்-லி ஒரு பெருந்தாக்குதலைத் தொடுத்தாள். பல உதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் தாக்குதல் அது. அதனைத் தடுத்தாலும், தடுப்பின் மேற் படும் ஒவ்வோர் உதையும் சிறிது உயிரைக் குறைக்கும். ஆதலின் தடுத்தும் பயனில்லை. எஞ்சிய வழி ஒன்றே. அதற்குப் 'பாரி' என்று பெயர். (முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, எனினும் கேட்குந்தோறும் எமக்கு அவன் நினைவே வருகின்றது.) அடி வந்து படும் அந்நொடியில் பின்வாங்காமல் எதிரியை நோக்கி முன்னே தட்டினால் அடி சிறிதும் உயிரைக் குறைக்காது. பின்னே இழுத்தால் தடுப்பு. முன்னே தட்டினால் பாரி. தட்டும் காலம் தவறினால் மரணம். முதல் உதைக்கான தட்டலைத் தாக்குதல் தொடங்குமுன்னரே, ஜஸ்டின் இதனைத்தான் செய்வார் என்று படித்தே செய்திருத்தல் வேண்டும். டைகோ அத்தனை உதைகளையும் ஒன்று விடாது எதிர்கொண்டு, இறுதி உதையைத் தாவி வானில் ஏற்று, இறங்கித் தம் தொடரடியால் வென்றார். கூடியிருந்தோர் எழுப்பிய ஆரவாரத்தைப் பதிவிற் கேட்கும்பொழுதெல்லாம் எமக்கு மயிர்க்கூச்செறிகின்றது.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பலர் இத்துடன் நிறுத்திவிடுவர். அதன் பின் நடந்தவற்றையும் சொல்லுதல் ஆராய்ச்சியாளர் கடமை. அது இறுதிப் போட்டியன்று. அதற்கு முந்தைய ஆட்டமே. இறுதியில் டைகோ, கென்ஜி ஒபாட்டா என்பவரிடம் தோற்றார். உலகம் நினைவில் வைத்திருப்பது அவ்வாண்டு அவ்விளையாட்டில் வென்றவரை அன்று, இரண்டாமவரையும் மூன்றாமவரையுமே. டைகோ பின்னர்ச் சில ஆண்டுகள் இவ்விளையாட்டினை விட்டு விலகி, முதியோரைப் பேணும் இல்லம் ஒன்றிற் பணிசெய்தார். திரும்பி வந்து 2009இலும் 2010இலும் எவோவில் வென்றார். 2009இன் இறுதியில் அவர்முன் அமர்ந்திருந்தவர் அதே ஜஸ்டின் வாங்.

இனி, எவோவின் போட்டி முறையைப் பற்றி ஒரு கணக்குக் கூறுவேம். ஒருமுறை தோற்றவர் வெளியேறார். தோற்றோர் பிரிவிற்கு இறங்குவர். இரண்டாம் முறை தோற்றாலே வெளியேறுவர். இதனால் விளைவது யாதெனின், வாகை சூடும் ஒருவர் நீங்க, வந்தவர் அனைவரும் சரியாக இரண்டு முறை தோற்றவராவர். காலையிலேயே இரண்டு ஆட்டங்களும் தோற்று வெளியே போய்த் தேநீர் அருந்துபவர்க்கும், இறுதி நாளில் ஆயிரக்கணக்கானோர் முன்னே விளக்கொளியில் இரண்டாம் இடம் பெறுபவர்க்கும் தோல்வியின் எண்ணிக்கை ஒன்றே. 2023ஆம் ஆண்டில் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்ட்ரீட் பைட்டர் ஆறு என்னும் ஒரு விளையாட்டிற்கு மட்டும் ஏழாயிரவர்க்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். அரபு அமீரகத்தைச் சார்ந்த ஆங்க்ரிபேர்ட் என்னும் பெயருடைய வீரர் வென்றார். ஏனையோர் கட்டணம் செலுத்தி, விடுப்பெடுத்து, விமானம் ஏறி, தத்தம் கண்ட்ரோலரைப் பையில் சுமந்து வந்து, இருமுறை தோற்றுத் திரும்பினர். அடுத்த ஆண்டும் வந்தனர். அவர் அறியாமையால் வந்தவரல்லர். தம்மினும் வல்லார் ஒருவர் எதிரே அமர்ந்து தம் நெஞ்சினைப் படிக்கும் அனுபவம் தம் ஊரில் கிடையாதென்பதனாலே வந்தவர்.

தோல்வி துன்பமற்றது என்று யாம் சொல்லவில்லை. 2017இல் பங்க் என்னும் பெயருடைய அமெரிக்க இளைஞர் எவோவின் ஸ்ட்ரீட் பைட்டர் ஐந்தில் ஒருமுறையும் தோற்காது இறுதிக்கு வந்தார். எதிரே தோற்றோர் பிரிவிலிருந்து ஏறி வந்தவர் டோக்கிடோ என்பவர். டோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். மேற்பிரிவினர் ஒருமுறை வென்றாற் போதும். கீழ்ப்பிரிவினர் இருமுறை வெல்லுதல் வேண்டும். டோக்கிடோ இருமுறையும் வென்றார். பங்க் மேடையிலேயே கண்ணீர் விட்டார். டோக்கிடோ கூட்டத்தை நோக்கி, தமக்குப் பழக்கமில்லாத ஆங்கிலத்தில், சண்டை விளையாட்டு மிக உயர்ந்த ஒன்று என்னும் கருத்துப்படச் சில சொற்கள் கூறினார். பங்க் ஏழாண்டுகள் காத்திருந்து 2024இல் எவோ வாகை சூடினார். அவ்வேழாண்டுகளை எண்ணும்பொழுது, ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தமைக்காக மூன்று நாள் உண்ணாதிருந்த எம் நிலைமை சிறிது நாணத்தைத் தருகின்றது.

பெரிய பெயர்கள் எப்பொழுதும் பெரிய ஊர்களிலிருந்து வருவதில்லை. டெக்கன் என்னும் விளையாட்டில் நெடுங்காலம் கொரியரும் ஜப்பானியருமே தலைசிறந்தோர் என்று கருதப்பட்டனர். 2019இல் லாகூரைச் சார்ந்த அர்சலான் ஆஷ், விசா முதலிய இடர்களைக் கடந்து ஜப்பான் சென்று, புகுவோகா நகரில் நடந்த எவோ ஜப்பானில் வென்றார். தம்மைப் போல் வல்லவர் தம் நாட்டில் இன்னும் பலர் உளர் என்றும் சொன்னார். புதிதாக வென்றவர் தம் ஊரைப் புகழ்வது இயல்பென்று கேட்டோர் கருதியிருக்கலாம். கொரியாவின் பேர்பெற்ற வீரராகிய நீ என்பவர் (முன்னிலைப் பெயரன்று, அவர்தம் ஆட்டப்பெயர் அது) அங்ஙனம் கருதிக் கழியாமல், அதனைச் சோதிக்கத் தாமே பாகிஸ்தான் சென்றார். சென்று அங்குள்ளார் பலரிடம் தோற்றார். அங்கே காசிட்டு ஆடும் கடைகள் இன்னும் உயிரோடிருந்தன. வெளிநாட்டார் கண்ணிற் படாமலே அக்கடைகளில் ஓர் அரிய பள்ளி வளர்ந்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் எவோவின் இறுதியில் எதிர்த்தோர் அர்சலானும் நீயுமே, அர்சலான் வென்றார். ஐயுற்றதைக் கடல் கடந்து சோதித்து, தோற்று, அதனை மறையாது ஒப்புக்கொண்ட அக்கொரியர்க்கே எம் நெஞ்சம் மிகுதியாகச் சாய்கின்றது.

குறைகள் இல்லையா எனின், உள. தோற்றவரை இழித்துப் பேசுவார் உளர். ஆட வரும் பெண்டிர்க்கு இடையூறு செய்வார் உளர். இவற்றை அவ்வவையினரே வெளிப்படையாகக் கண்டித்து வருகின்றனர். பொருளும் புகுந்துவிட்டது. 2021இல் சோனி நிறுவனம் மற்றொரு நிறுவனத்துடன் கூடி எவோவை வாங்கிற்று. காப்காம் தன் கோப்பைக்கு வாகை சூடியவர்க்கு 2024இல் பத்து லட்சம் டாலர் அளித்தது. புறப்பொருள் நூலார் தும்பை என்னும் போருக்கு ஆநிரையையோ மண்ணையோ காரணமாகக் கூறார். வலிமையைக் காட்டுதலே அதன் பொருள் என்பர். சன்னிவேலில் நாற்பதின்மர் செய்தது தும்பை. பத்து லட்சம் டாலர் வந்தபின் அதனை வேறு எத்திணையில் அடக்குவது என்பது எமக்கு இன்னும் விளங்கவில்லை.

கடந்த திங்களில் எம் விடுதியில் பதினாறு பேர் கூடி, மேற்கூறிய முறைப்படியே ஒரு சிறு போட்டி நடத்தினேம். இக்கட்டுரைக்கு வேண்டிய அனைத்தையும் படித்து முடித்திருந்த யாம், முதல் ஆட்டத்திலும் தோற்று, அடுத்த ஆட்டத்திலும் தோற்று, அரைமணிக்குள் வெளியேறினேம். எம்மை இரண்டாவதாக வென்றவர் பௌதிகப் பிரிவின் முதலாண்டு மாணவர். மறுநாள் உணவுக்கூடத்தில் அவரைக் கண்டு, யாம் செய்த பிழை யாதென்று கேட்டேம். அவர் சிறிது தயங்கி, "அண்ணா, நீங்கள் கீழே விழுந்து எழும்பொழுதெல்லாம் உடனே குத்துகின்றீர்கள், நான் தடுத்துவிட்டுத் திருப்பி அடித்தேன், அவ்வளவுதான்" என்றார். ஓராண்டாக ஆடியும் எம் கையின் அவ்வழக்கம் எமக்குத் தெரியாது. அவர் அதனைப் பத்து நிமிடத்தில் படித்துவிட்டார்.

அன்று மாலை முதல், விழுந்து எழுந்தவுடன் குத்தாமல் தடுத்து நிற்கப் பழகி வருகின்றேம். இப்பொழுது அவர் எம்மைப் பற்றி எறிகின்றார்.