உணவூட்டும் குழாய்: சம்மதிக்குமுன் சிந்திக்க

சீவலப்பேரி முதலிய ஆற்றங்கரை ஊர்களிலிருந்து, ஆகாரம் இறங்காத முதியவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தார் நினைவிற்கொள்ளத்தக்கவை:

● பக்கவாதத்தால் விழுங்கும் சக்தி தற்காலிகமாகக் குன்றியவருக்கு மூக்குவழிக் குழாய் பேருபகாரமாகும். தொண்டை தேறியதும் எடுத்துவிடலாம். எதற்காக, எத்தனை நாள், எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுக.

● மறதிநோய் முற்றியவர்க்கோ, குழாயானது ஆயுளை நீட்டுமென்றோ நிமோனியாவைத் தடுக்குமென்றோ நம்ப ஆதாரமில்லை. பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டிவைக்கும் சங்கடமும் நேரும். ஆதலின், அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த உளுந்தங்கஞ்சியைச் சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கியது கண்டபின் மறுவாயென, அவசரமின்றி ஊட்டுவதே உத்தமம்.

● குழாய் போட்டால், ஊட்டும்போதும் பின்னர் ஒரு மணி நேரமும் தலைமாடு உயர்ந்திருக்கட்டும்; ஆகாரத்துக்கு முன்னும் பின்னும் கொதித்தாறிய நீர் செலுத்துக. நழுவிய குழாயை வீட்டில் உள்ளே தள்ளலாகாது.

● பெரியவர் தெளிவாயிருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டறிக. அதை எழுதிவைக்கும் முன்விருப்பப் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் அங்கீகரித்தது. 2023இல் எளிதாக்கிய விதிப்படி, இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றால் போதுமானது.

● வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பு வேண்டுவோர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.