வழி திறந்த வீரர்

நுழையும்முன்

விளையாட்டு வீரர் ஒருவரின் பெருமையை அவர் வென்ற பதக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். மணிப்பூர் மாநிலத்தின் குத்துச்சண்டை வீரர் டிங்கோ சிங்கை அவ்வாறு அளக்க இயலாது. அவர் புகழின் உச்சியில் நின்றது சில ஆண்டுகளே. வாழ்ந்தது 42 ஆண்டுகளே. ஆயினும் அவர் திறந்த வழியில் இன்றும் பலர் நடக்கின்றனர்.

இளமை

இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் மலைகள் சூழ அமைந்த மாநிலம் மணிப்பூர். அதன் தலைநகரான இம்பாலுக்குக் கிழக்கே சேக்தா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1979ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் டிங்கோ சிங் பிறந்தார். குடும்பத்தை வறுமை வாட்டியது. அதனால் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

மலைப்பகுதிகளிலும் கடலோரங்களிலும் பழங்குடியினர் வாழும் இடங்களிலும் மறைந்துகிடக்கும் விளையாட்டுத் திறனைக் கண்டறிய, இந்திய விளையாட்டு ஆணையம் ஒரு சிறப்புத் திட்டத்தை நடத்தி வந்தது. அத்திட்டத்தின் பயிற்சியாளர்கள் சிறுவன் டிங்கோவின் வேகத்தையும் அஞ்சாமையையும் கண்டு, அவனைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தனர். 1989இல் அம்பாலாவில் சிறுவர்களுக்கான தேசியக் குத்துச்சண்டைப் போட்டி நடைபெற்றது. அதில் டிங்கோ வாகை சூடினான். அப்போது அவனுக்கு வயது பத்து.

சேவலின் பெயர் கொண்ட பிரிவு

குத்துச்சண்டையில் வீரர்கள் உடல் எடைக்கேற்பப் பல பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். வலியோர் எளியோரை எடையால் மட்டுமே வெல்லக் கூடாது என்பதே இதன் நோக்கம். டிங்கோ மோதிய பிரிவுக்குப் 'பேன்டம்' எடைப்பிரிவு என்று பெயர். அந்நாளில் அதன் உச்ச அளவு 54 கிலோகிராம். பேன்டம் என்பது உருவத்தில் சிறிய ஒரு கோழியினம். அதன் சேவல் போர்க்குணம் மிக்கது. சிறிய உடலும் தளராத ஊக்கமும் கொண்ட டிங்கோவுக்கு அப்பெயர் மிகப் பொருந்தியது.

1997இல் தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கில் நடந்த மன்னர் கோப்பைப் போட்டியில் டிங்கோ வென்றார். அப்போட்டியின் சிறந்த வீரராகவும் அறிவிக்கப்பட்டார்.

பாங்காக் வெற்றி

அடுத்த ஆண்டு அதே பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற இருந்தன. ஆனால் இந்திய அணியின் பட்டியலில் முதலில் டிங்கோவின் பெயர் இடம்பெறவில்லை. அவர் மனமுடைந்தார். பின்னர்தான் அவர் அணியில் சேர்க்கப்பட்டார். வேண்டாம் என ஒதுக்கப்பட்டவர், வேண்டும் என்று கேட்க வைக்கும் ஆட்டத்தை அங்கு ஆடிக் காட்டினார்.

அரையிறுதியில் தாய்லாந்து வீரரை அவருடைய சொந்த மண்ணிலேயே டிங்கோ வென்றார். இறுதிப் போட்டியில் அவரை எதிர்த்தவர் உஸ்பெகிஸ்தான் நாட்டின் திமூர் துல்யகோவ். டிங்கோவின் தாக்குதலுக்கு ஈடுகொடுத்துப் போட்டியைத் தொடர இயலாமல் அவர் விலகினார். பொற்பதக்கம் இந்தியாவுக்குக் கிட்டியது. ஆசியக் குத்துச்சண்டையில் 1982ஆம் ஆண்டு தில்லியில் கௌர் சிங் பொற்பதக்கம் வென்றபின், 16 ஆண்டுகள் கழித்து நாடு பெற்ற பொன் அது. அப்போது டிங்கோவுக்கு வயது 19. அவ்வாண்டே அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

களத்திலிருந்து பயிற்சிக்கூடத்திற்கு

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிங்கோ பங்கேற்றார், பதக்கம் கிட்டவில்லை. காயங்கள் அவரைத் தொடர்ந்து வருத்தின. இன்னும் பல வெற்றிகளைத் தருவார் என நாடு எதிர்பார்த்திருந்த இளம் வீரரின் களவாழ்வு விரைவிலேயே முடிவுற்றது.

எனினும் அவர் குத்துச்சண்டையை விட்டு விலகவில்லை. இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அவர், பின்னர் இம்பாலில் பயிற்சியாளராகி இளையோருக்குக் கற்பித்தார். சிறுவயதில் தம் திறனை ஒருவர் கண்டறிந்ததால் வாழ்வு பெற்றவர், பிறர் திறனைக் கண்டறியும் இடத்திற்கு வந்து சேர்ந்தார். 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாங்காக் வெற்றிக்கும் இவ்விருதுக்கும் இடையே 15 ஆண்டுகள் கடந்திருந்தன.

இறுதிப் போராட்டம்

2017இல் அவருக்குக் கல்லீரல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவச் செலவுக்காக அவர் தம் வீட்டை விற்க நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் சிகிச்சைக்காகத் தில்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கிருந்து இம்பாலுக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவை ஆம்புலன்ஸ் ஊர்தியிலேயே கடந்து திரும்பினார். திரும்பியதும் அவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. அதிலிருந்து மீண்டு வந்தார். புற்றுநோயிலிருந்து மீள முடியவில்லை. 2021ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் டிங்கோ சிங் காலமானார்.

தொடரும் வழி

1998இல் டிங்கோ பொற்பதக்கத்துடன் மணிப்பூர் திரும்பியபோது, அம்மாநிலத்தில் தடகள விளையாட்டில் ஈடுபட்டிருந்த சிறுமி ஒருத்தியின் மனத்தில் குத்துச்சண்டை ஆர்வம் முளைத்தது. அவரே மேரி கோம். பின்னாளில் ஆறு முறை உலக வாகையர் பட்டம் வென்ற அவர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். தம்மை இத்துறைக்கு ஈர்த்தது டிங்கோவின் வெற்றியே என்று அவர் நன்றியுடன் கூறியுள்ளார். சரிதா தேவி, தேவேந்திரோ சிங் முதலிய மணிப்பூர் வீரர்களும் அவ்வழியில் வந்தவர்களே.

டிங்கோ ஆசியக் களத்தில் வென்ற பொன் ஒன்றுதான். எங்கோ ஒரு மலைநாட்டுச் சிற்றூரில் பிறந்தவரும் உலகை எதிர்த்து நிற்கலாம் என்ற நம்பிக்கையை அந்த ஒரு பொன் விதைத்தது. விதைத்தவர் விரைவில் மறைந்தார், விளைச்சல் தொடர்கிறது.

சொற்பொருள்

வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
ஊக்கம் – மனஎழுச்சி
ஈடுகொடுத்தல் – சமமாக நின்று எதிர்கொள்ளுதல்
வாகையர் பட்டம் – போட்டியில் முதலிடம் பெற்றவருக்குரிய பட்டம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. டிங்கோ சிங் பிறந்த ஊர் ________.
2. டிங்கோவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்த ஆண்டு ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. பொற்பதக்கம் = ________ + ________
2. சிற்றூர் = ________ + ________

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குத்துச்சண்டையில் எடைப்பிரிவுகள் ஏன் வகுக்கப்பட்டுள்ளன?
2. 'பேன்டம்' என்னும் பெயர் டிங்கோவுக்கு எவ்வாறு பொருந்துகிறது?

ஈ. சிந்தித்து எழுதுக.
1. "விதைத்தவர் விரைவில் மறைந்தார்; விளைச்சல் தொடர்கிறது." இத்தொடரை விளக்குக.
2. நாட்டுக்குப் பெருமை சேர்த்த வீரர், நோயுற்றபோது வீட்டை விற்க நேர்ந்தது. இத்தகையோர்க்குச் சமுதாயம் ஆற்ற வேண்டிய கடமை யாது? பத்துத் தொடர்களில் எழுதுக.