கிஸ்ஸா மஜ்லிஸும் ஓர் இடைச்சொல்லும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்ற தலைப்பு வந்ததும் நாம் முதலில் செய்வது ஒரு பட்டியலை மனனம் செய்வதுதான். ஆயிரம் மசலா, வண்ணப்பரிமளப் புலவர், 1572. மிஃறாஜ் மாலை, ஆலிப் புலவர், 1590. சீறாப்புராணம், உமறுப் புலவர், 3 காண்டங்கள், 92 படலங்கள், 5,027 பாடல்கள். பரீட்சைக்கு இது போதும். ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. 1572 என்பது ஆயிரம் மசலா மதுரையில் அரங்கேறிய ஆண்டு. அக்காலத்தில் ஒரு நூல் பிறந்ததாகக் கொள்ளப்பட்டது அது அச்சான நாளில் அல்ல, சபையில் கேட்கப்பட்ட நாளில். சீறாப்புராணம் அச்சேறியதே 1842இல்தான். அதுவரை அது ஏட்டிலும், அதைவிட அதிகமாக மனிதர் வாயிலும் காதிலும் இருந்தது.

ஆகவே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது நூல்களை அல்ல. அவை படிக்கப்பட்ட மஜ்லிஸை, அதாவது கதை கேட்கக் கூடிய கூட்டத்தை.

கிஸ்ஸா என்பது கதை என்று பொருள்படும் அறபுச் சொல். பாரசீகத்திலிருந்து நாமா வந்தது. கேள்வி என்ற பொருளில் மசலா வந்தது. இவற்றோடு படைப்போர் என்ற தமிழ்ப் பெயரிலேயே ஒரு வகை உருவானது. இவை தமிழுக்கு முஸ்லிம் புலவர்கள் தந்த புதிய இலக்கிய வடிவங்கள் என்று நாம் விடைத்தாளில் எழுதுகிறோம். அவற்றின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எல்லாமே கூட்டத்துக்காகச் செய்யப்பட்டவை என்பது விளங்கும். மசலாவில் ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்வார். இரண்டு குரல் இல்லாமல் அது நடக்காது. ஆயிரம் மசலாவில் கேட்பவர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம், விடை தருபவர்கள் நபி (ஸல்) அவர்கள். இதே நூல் மலாயிலும் ஜாவா மொழியிலும் பாரசீகத்திலும் உண்டு. ரொனிட் ரிச்சி என்ற அறிஞர் தமிழ், மலாய், ஜாவா வடிவங்களை ஒப்பிட்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார். கிஸ்ஸாக்களில் பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். பாட்டு வரும்போது படிப்பவர் ராகம் போடுவார். வசனம் வரும்போது கேட்பவர்கள் மூச்சு விட்டுக்கொள்வார்கள்.

ஒரு மஜ்லிஸ் எப்படி நடக்கும்? என் உம்மும்மா பேருவளையில் வளர்ந்தவர். அவர் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். இஷாத் தொழுகை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு மண்டபத்தில் பாய் விரிப்பார்கள். சாம்பிராணி போடுவார்கள். பெண்கள் கூடும் மஜ்லிஸ் என்றால் படிப்பவரும் பெண்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வெளியார் கணக்கிட்ட பெண்கள் அறபுத்தமிழை, அதாவது அறபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழை, சரளமாக வாசித்தார்கள். குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளைக்கு எழுத்து முன்பே தெரியும். தமிழுக்கென்று சேர்த்த சில எழுத்துகளைப் படித்துக்கொண்டால் போதும். பள்ளிக்கூடம் போகாத எங்கள் மூத்த பெண்கள் இலக்கியத்துக்குள் வந்த வாசல் இது. கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கைக்கு வந்து போனவர். அவருடைய தலைப்பாத்திஹா இன்றும் பல வீடுகளில் பெண்கள் கூடி ஓதுவது. பேருவளைச் செய்கு முஸ்தபாவின் மீஸான் மாலையும் அப்படிப்பட்டதே.

படிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். அவர் வேலை, பாட்டின் பொருளைச் சாதாரணப் பேச்சில் சொல்வது. கேட்பவர்கள் சும்மா இருப்பதில்லை. "ஓ", "அப்புறம்" என்று எடுத்துக் கொடுப்பார்கள். யூசுப் நபி கிஸ்ஸாவில் சகோதரர்கள் கிணற்றில் தள்ளும் இடம் வந்தால் ஒரு பெத்தும்மா கட்டாயம் அழுவாராம். அவர் அழுது முடியும் வரை படிப்பவர் காத்திருப்பாராம். புத்தகம் அப்படிக் காத்திருக்குமா?

இந்த அமைப்பு நமக்கு மட்டும் உரியதல்ல. ரியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் வெள்ளவத்தைத் தோழியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. கந்தபுராணப் படிப்பைப் பற்றி அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கும் ஒருவர் பாட்டை வாசிக்க இன்னொருவர் பயன் சொல்வாராம். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி தவக்காலத்தில் ராகத்தோடு வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கத்தைச் சொன்னாள். அதை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1742இல் இலங்கையிலேயே காலமானவர். கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களின் முன்னோர் ஹிகாயத் படிக்கக் கூடியதைப் பி.ஏ. ஹுசைன்மியாவின் ஆய்வுகளிலிருந்து அறியலாம். ஒரே நகரத்தில் நான்கு சமூகங்கள், நான்கு வேறு கதைகள். உட்கார்ந்த விதம் மட்டும் ஒன்று. (வெள்ளவத்தை இராமகிருஷ்ண மண்டபத்தில் கம்பன் விழா நடக்கும்போது கூட்டம் நிரம்பி வழிகிறது. ஆனால் அங்கே பெரும்பாலோர் காத்திருப்பது பட்டிமன்றத்துக்கு. அது வாதம் கேட்கும் கூட்டம். கதை கேட்கும் பொறுமை வேறு.)

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். கிஸ்ஸா மஜ்லிஸ்கள் குறைந்ததற்குத் தொலைக்காட்சியைக் குற்றம் சொல்வது இலேசு. அது ஒரு காரணம்தான். நம் சமூகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. இவற்றில் பல பொய்க்கதைகள், மார்க்கத்தில் ஆதாரம் இல்லாதவை என்ற எண்ணம் பரவியது. இதை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். நபி (ஸல்) அவர்கள் சொல்லாததைச் சொன்னார்கள் என்று சொல்வது எவ்வளவு பாரதூரமானது என்பது நமக்குத் தெரியும். கிஸ்ஸாக்களிலும் படைப்போர்களிலும் நடக்காதவை இருப்பதும் உண்மை. அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போரில் ஒன்றுக்குப் பெயர் இந்திராயன் படைப்போர். பெயரைப் பார்த்தாலே இது அறபு வரலாற்று நூலிலிருந்து வந்ததல்ல என்று தெரிந்துவிடும்.

இந்தக் கவலை புதியதும் அல்ல. பக்தாதில் வாழ்ந்து 1201இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி கதைசொல்லிகளைப் பற்றியே ஒரு கிதாபு எழுதினார். பொய் ஹதீஸ் சொல்லிச் சனத்தை அழவைப்பவர்களை அதில் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அவர் கதை சொல்வதையே நிறுத்தச் சொல்லவில்லை. அவரே பெருங்கூட்டம் கூடிக் கேட்ட உபதேசகர். கதையை ஹதீஸாக்காதே என்பதுதான் அவர் கேட்டது.

எங்கள் தொடர்மாடியில் சென்ற வருடம் றமழானுக்கு முன் சில சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு உம்மும்மா யூசுப் நபி கிஸ்ஸாவைச் சொல்ல, ஏழெட்டுப் பெண்கள் வந்து கேட்டார்கள். மத்ரஸாவில் ஓதிய என் சாச்சி ஒருநாள் இடையில் கேட்டார்: "மாமி, இதெல்லாம் ஹதீஸ்ல இல்லையே?" உம்மும்மா கோபப்படவில்லை.

"நான் ஹதீஸ் செல்லல்ல மகள். கிஸ்ஸா செல்றன். 'ஆம்' எண்டு சென்னது கேக்கல்லையா?"

அதற்குப் பிறகுதான் நான் கூர்ந்து கேட்கத் தொடங்கினேன். உம்மும்மாவின் பேச்சில் மூன்று விதமான முடிவுகள் இருந்தன. குர்ஆனில் உள்ளதற்கு "அல்லாஹ் செல்றான்". ஹதீஸ் என்று அவர் ஓதிப் படித்ததற்கு "றசூலுல்லாஹ் சென்னாங்க". மற்ற எல்லாவற்றுக்கும் "வந்தாராம்", "அழுதாவாம்", "கேட்டாங்களாம்". ஒரு தடவைகூட அவர் இவற்றை மாற்றிப் போடவில்லை.

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். குர்ஆனில் 12ஆவது சூறா முழுவதும் அவர்களுடையது. அழகிய வரலாறு என்ற சிறப்பைப் பெற்றது. கனவு, கிணறு, கிழிந்த சட்டை, சிறை, பஞ்சம் எல்லாம் அங்கே உள்ளன. ஆனால் அஸீஸின் மனைவியின் பெயர் அங்கே இல்லை. ஸுலைஹா என்ற பெயரும், அவர் இளமையிலேயே யூசுபைக் கனவில் கண்டதும் பின்னர் வந்த மரபிலிருந்து சேர்ந்தவை. பாரசீகக் கவிஞர் ஜாமி 1483இல் இதையே பெருங்காவியமாக்கினார். தமிழில் மதாறு சாகிபுப் புலவர் கிஸ்ஸாவாகப் பாடினார். உம்மும்மா சொல்லும்போது "கெணத்துல போட்டாங்க" என்பார். அங்கே ஆம் இல்லை. சற்றுப் பின்னால் "அவட பேரு ஸுலைஹாவாம், சின்ன வயசிலயே கனவுல கண்டாவாம்" என்பார். குர்ஆன் எங்கே நிற்கிறது, கிஸ்ஸா எங்கே தொடங்குகிறது என்பதை அந்த இரண்டெழுத்துச் சொல் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது.

'ஆம்' என்பதைப் பிறர்கூற்றைக் குறிக்கும் இடைச்சொல் என்று இலக்கணப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். நான் பார்த்ததல்ல, கேட்டது. பொறுப்பு எனக்கு இவ்வளவுதான் என்று அது சொல்கிறது. ஹதீஸ் கலையில் யார் யாரிடம் கேட்டார் என்ற ஸனது, அதாவது அறிவிப்பாளர் வரிசை, உண்டு. அந்த அளவு கண்டிப்பு 'ஆம்' என்பதற்கு இல்லை. ஆனால் ஸனது இல்லாத கதையை ஸனது இல்லாத கதை என்றே சொல்லிவைக்க அது போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புலவரின் பாட்டில் இந்த 'ஆம்' பெரும்பாலும் இராது. பக்கத்திலிருந்து பொருள் சொல்பவரின் பேச்சில்தான் வரும். மஜ்லிஸ் போய்ப் புத்தகம் மட்டும் எஞ்சியபோது பொருள் சொல்பவர் போனார். அவரோடு 'ஆம்' போனது. கதைச் சுருக்கத்தில் எல்லாம் "வந்தார்", "கூறினார்" என்றாகிவிட்டது. அதைத் தனியே வாசிக்கும் பிள்ளை எது வரலாறு, எது கற்பனை என்று எப்படிப் பிரிக்கும்? பொய்யைப் பரப்பியதாக நாம் மஜ்லிஸைக் குற்றம் சாட்டினோம். என் கருத்தில், கதையைக் கதையாக வைத்திருந்ததே அந்த மஜ்லிஸ்தான்.

சாச்சி இதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் விளங்காது என்கிறார். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் மறு சனிக்கிழமையும் வந்தார். இடையிடையே எந்த ஆயத்து என்று அவரே எடுத்துச் சொன்னார். பழைய மஜ்லிஸில் இருந்த பொருள் சொல்பவரின் இடம் அவருக்குத் தானாகக் கிடைத்துவிட்டது.

நம் வகுப்பறையில் இதைச் செய்து பார்க்க விரும்புவோருக்குச் சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலத்தைச் சொல்வேன். வேடன் கையில் அகப்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வர அவகாசம் கேட்கிறது. நபி (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். கூட்டத்தைச் சேர்ந்த மான்கள் திரும்பிப் போகாதே என்று தடுக்கின்றன. அது கேட்பதில்லை. கன்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. பரீட்சைக்கு வாசிக்கும்போது முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. சத்தமாகப் படிக்கும்போது மான் போன பிறகு ஒரு பாட்டில் நிறுத்திப் பாருங்கள். வேடன் காத்திருக்கிறான், வகுப்பும் காத்திருக்கும். ஒருத்தி விருத்தத்தை ராகத்தோடு படிக்கட்டும். தமிழ்மொழித்தினப் போட்டிக்குப் பாவோதல் பழகியவர்கள் நம்மிடம் இருக்கிறார்களே. இன்னொருத்தி பதம் பிரித்துப் பொருள் சொல்லட்டும். ஒரு பாடவேளைக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டுப் போதும். பொருள் சொல்பவள் 'ஆம்' எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்பதை ஆசிரியையிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அதுவே ஒரு தனிப் பாடம்.

றமழானில் சஹருக்கு எழுப்ப றபான் தட்டிப் பாடிவரும் பாவாவின் குரல் பாமன்கடை ஒழுங்கைகளிலும் முன்பு கேட்டது என்கிறார் வாப்பா. நான் கைத்தொலைபேசி அலாரத்தில் எழும்புபவள். அவருடைய பாட்டுகளில் என்ன கதை இருந்தது என்று கேட்டால் வாப்பாவுக்கு ராகம் மட்டுமே நினைவிருக்கிறது.

உம்மும்மாவிடம் உள்ள நூறு மசலா, கையால் எழுதிய அறபுத்தமிழ்க் கொப்பி. ஓர் அரசகுமாரி கேட்கும் நூறு கேள்விகள் அதில் உண்டு. நடுவில் நான்கு தாள்கள் கிழிந்து போய்விட்டன. அந்தப் பகுதி அவருக்கு மனப்பாடம். எழுத்துக் கூட்டி வாசிக்க அவரிடம் படித்து வருகிறேன். அறபுத்தமிழில் 'ழ'வும் 'ள'வும் இன்னும் எனக்குக் குழம்புகின்றன. கிழிந்த தாள்களில் இரண்டின் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி முடித்திருக்கிறேன். மற்ற இரண்டையும் தவணை விடுமுறையில் அவர் சொல்வதாக இருக்கிறார். ஆனால் ராகத்தோடு மட்டும்தான் அவருக்கு அவை வரும். நிறுத்தி எழுத விட்டால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்.