மூட்டைக் கணக்கும் மீதிக் கணக்கும்

விளைபொருளைச் சேர்த்து விற்கும் உழவர் குழுக்களுக்கும், பொதுப் பொருள்களை வாங்கிப் பங்கிடும் பஞ்சாயத்துகளுக்கும் அன்றாடம் எதிர்ப்படும் கணக்கு ஒன்று உண்டு. பொருள் வருவது கிலோவில், கட்டுவது மூட்டையில். முழு மூட்டைகளைக் கட்டிய பின்னர் எஞ்சும் சில கிலோக்களை என்ன செய்வது என்பதே அக்கணக்கு. எஞ்சியது சிறிது என்று எழுதாமல் விட்டால், அது யாரோ ஓர் உழவரின் உழைப்பை ஏட்டிலிருந்து நீக்கியதாகும்.

இம்முறை நம் முன்னோர்க்குப் புதிதன்று. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்று அளந்த காலத்தில், 12 நிறைந்ததும் ஒரு கலத்தை ஏற்றி, எஞ்சிய குறுணியை அடுத்த அளவையுடன் சேர்த்தனர். 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணய முறை வரும் வரையில், 16 அணா நிறைந்ததும் ரூபாயை ஏற்றி, மிகுந்த அணாவை நிறுத்தி எழுதினோம். இன்று அதே வேலையைக் கணினியின் விரிதாள் நமக்குச் செய்து தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டையே வழக்கு. அந்த அளவிலேயே ஒரு குழு தன் நெல்லைக் கட்டுவதாகக் கொள்வோம். நான்கு நாட்களில் முறையே 1,035, 1,190, 870, 1,075 கிலோ வந்து சேருகின்றன. ஒவ்வொரு நாளையும் தனித்தனியே வகுத்தால் 25, 29, 21, 26 என 101 மூட்டைகள் ஆகும். மீதிகளோ 35, 30, 30, 35. கூட்டினால் 130 கிலோ. மூன்று முழு மூட்டைகளும் 10 கிலோவும் கணக்கில் ஏறாமல் நின்றுவிடுகின்றன. கிலோ 25 ரூபாய் என வைத்துக்கொண்டால் இதன் மதிப்பு 3,250 ரூபாய்.

மீதியை மறுநாள் வரவுடன் சேர்த்து வகுத்தால் மூட்டைகள் 25, 30, 22, 27 ஆகும். மொத்தம் 104 மூட்டை. இறுதி மீதி 10 கிலோ.

விரிதாளில் அமைக்கும் முறை

முதல் வரிசையில் தலைப்புகளை எழுதுக. ஏ பத்தியில் நாள், பி பத்தியில் வரவு, சி பத்தியில் மொத்தம், டி பத்தியில் மூட்டை, ஈ பத்தியில் மீதி. ஜி1 கட்டத்தில் மூட்டையின் அளவாகிய 40-ஐ இடுக. ஈ2 கட்டத்தில் முன் மீதியை எழுதுக. இல்லையெனில் சுழி இடுக. மூன்றாம் வரிசையில் கீழ்க்காணும் சூத்திரங்களைப் பதிக:

சி3: =பி3+ஈ2
டி3: =இன்ட்(சி3/$ஜி$1)
ஈ3: =மாட்(சி3,$ஜி$1)

'இன்ட்' என்பது இன்டிஜர் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து; முழு எண்ணை மட்டும் தரும். 'மாட்' என்பது மாடுலோ என்பதன் முதல் மூன்று எழுத்து. வகுத்தபின் எஞ்சுவதைத் தரும். விரிதாளில் இவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே பதித்தல் வேண்டும். டாலர் குறி, சூத்திரத்தைக் கீழே இழுத்து நகலெடுக்கும்போது ஜி1 மாறாதிருக்கச் செய்கிறது. மூட்டையின் அளவு பின்னர் மாறினால், அந்த ஒரு கட்டத்தைத் திருத்தினாலே போதும்.

எடையில் தசமப் புள்ளி வருமாயின் எல்லாவற்றையும் கிராமில் எழுதுவது நலம். மூட்டை 40,000 கிராம் ஆகும். சில பின்னங்களைக் கணினி துல்லியமாகக் காக்க இயலாமையால், மீதியில் சிறு பிழை நேரக்கூடும்.

வாங்கும்போது வேறு முறை

கட்டும்போது முழு மூட்டைக்குக் கீழே இறங்குகிறோம். வாங்கும்போது மேலே ஏறுதல் வேண்டும். 200 கிலோ யூரியா தேவை, மூட்டை 45 கிலோ எனில், =ரவுண்ட்அப்(200/45,0) என்னும் சூத்திரம் 5 எனக் காட்டும். 225 கிலோ வாங்கியதில் 25 கிலோ எஞ்சும். அடுத்த முறையும் 200 கிலோ தேவையாயின், இருப்பைக் கழித்து 175 கிலோவுக்கே வாங்கலாம். 4 மூட்டை போதும். இருப்பை மறந்தால் ஒரு மூட்டை வீணே மிகும்.

சரிபார்த்தலும் நேர்மையும்

மாத முடிவில் ஒரு சோதனை செய்க. முன் மீதியும் வரவுகளும் சேர்ந்த தொகை, மூட்டைகளை 40-ஆல் பெருக்கி இறுதி மீதியைக் கூட்டிய தொகைக்குச் சமமாக இருத்தல் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இரண்டும் 4,170. வேறுபாடு காணின் எங்கோ ஒரு வரவு விடுபட்டிருக்கும், அல்லது ஒரு சூத்திரம் அழிந்திருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மீதியாக நிற்கும் 10 கிலோ குழுவுக்கு உரியதன்று. அதனைக் கொண்டுவந்த உறுப்பினருக்கு உரியது. ஆகவே ஒவ்வொருவரின் வரவையும் கிலோவிலேயே தனிப் பத்தியில் எழுதி, பணத்தையும் கிலோவுக்கே பிரித்துக் கொடுத்தல் வேண்டும். மூட்டைக் கணக்கு சந்தைக்கு. கிலோக் கணக்கு உழவருக்கு. அத்தாளை மாதந்தோறும் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுவோமாயின், சிறு நிலமுடையோரும் தம் பங்கில் ஒரு கிலோவும் குறையவில்லை என்பதைத் தாமே கண்டறிவர்.