முதலில் தரையைப் பார்ப்பவரைத் தேடுங்கள்

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு வட்டாரத்துப் பட்டறைகளை வீடுகள் நெருக்கிவிட்டன. இரவு ஷிஃப்ட் ஓட்டினால் பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு. லாரி திரும்ப முடியாத சந்து. ஆண்டுக்கு ஆண்டு ஏறும் வாடகை. அதனால் பலர் அரசூர், மலுமிச்சம்பட்டி, கள்ளப்பாளையம் என்று ஊருக்கு வெளியே ஷெட் போட்டுப் போகிறார்கள். ஷெட்டுக்குக் கூரைத் தகடு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், மெஷினைக் கொண்டுபோகும் ஆளை மட்டும் கடைசி வாரத்தில் தேடுகிறார்கள். "ஹைட்ரா கிரேன்காரர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கும்" என்கிற தைரியம்தான்.

தூக்கி வைப்பது அரை நாள் வேலை. அதில் தவறு நேர்ந்தால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்காகும். ஆறு டன் வி.எம்.சி. மெஷின் கீழே விழவே வேண்டாம், ஒரு மூலை 'தொம்' என்று இறங்கினாலே போதும். ஸ்பிண்டில் பேரிங்கும் துல்லியமும் கெட்டுவிடலாம். யாரை நம்புவது என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு: அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட, உங்களிடம் என்ன கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். கீழே உள்ள பட்டியல் முழுக்க அந்த ஒரு அளவுகோலின் விரிவுதான்.

செய்ய வேண்டியவை

1. இரண்டு இடத்தையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் இருக்கும் இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அது போய் உட்காரும் இடத்தையும் பார்ப்பவரே வேலை தெரிந்தவர். ஷட்டர் உயரம், வாசல் படி, தெருவில் தாழ்ந்து ஓடும் ஈ.பி. லைன், தரைக்கடியில் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு டன் மெஷின் நான்கு உருளைகளின் மேல் நகரும்போது ஒவ்வொன்றிலும் ஒன்றரை டன். தரை மேடுபள்ளமாக இருந்தால் பாரம் முழுவதும் மூன்றின் மேலேயே விழும். சாக்கடை மூடி அதைத் தாங்காது. இரும்புத் தகடு விரிக்க வேண்டிய இடங்களை முன்னரே சொல்பவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

2. எடையைக் காகிதத்தில் கொடுங்கள். "அஞ்சு, ஆறு டன் இருக்குமுங்க" என்ற கணக்கு உதவாது. மெஷினோடு வந்த மேனுவலில் எடையும், எந்த இடத்தில் பிடித்துத் தூக்க வேண்டும் என்ற படமும் இருக்கும். பிறகு சேர்த்த ரோட்டரி டேபிள், சிப் கன்வேயர் ஆகியவற்றின் எடையையும் கூட்டிச் சொல்லுங்கள். கூலன்ட்டை வடித்துவிடுங்கள்.

3. கிரேனின் லோடு சார்ட்டைக் கேளுங்கள். "14 டன் ஹைட்ரா" என்றால் எங்கே நின்றாலும் 14 டன் தூக்கும் என்று பொருளில்லை. பூம் சுருங்கி, பாரம் வண்டிக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டுமே அந்த எண். பூமை நீட்ட நீட்டத் திறன் மளமளவென்று சரியும். நடுவில் மடங்கித் திரும்பும் வண்டி என்பதால், திரும்பும்போது இன்னும் குறையும். ஷட்டருக்கு வெளியே நின்று எத்தனை அடி எட்டித் தூக்க வேண்டும், அந்தத் தூரத்தில் அது எத்தனை டன் தாங்கும் என்று கேளுங்கள். சார்ட்டை எடுத்துக் காட்ட வேண்டும், தலையாட்டல் போதாது.

4. பெல்ட், ஷேக்கிள், செயின் பிளாக் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். துணி பெல்ட்டுகளுக்கு நிறக் கணக்கு உண்டு: பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சிவப்பு 5 டன். ஆனால் நிறத்தோடு நிற்காமல், தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லாததும், ஓரம் கிழிந்ததும், முடிச்சுப் போட்டதும் உங்கள் மெஷினைத் தொடக்கூடாது. தூக்கும் கருவிகளைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. அந்தச் சான்றைக் கேட்டால் நல்ல காண்ட்ராக்டர் முகம் சுளிக்க மாட்டார்.

பெல்ட்டின் கோணமும் முக்கியம். ஆறு டன்னை இரண்டு கால் பெல்ட்டில் தூக்கும்போது, பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலிலும் சுமார் மூன்றரை டன் இழுவை. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு ஆறு டன். இந்தக் கணக்கு மேஸ்திரிக்குத் தெரியுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப்பாருங்கள்.

5. கொட்டேஷனை வரிவரியாக எழுதி வாங்குங்கள். போல்ட் கழற்றுவது, வயரைப் பிரிப்பது, ஏற்றுவது, லாரி, இறக்குவது, இடத்தில் நிறுத்துவது, லெவல் செய்வது: ஒவ்வொன்றும் யார் பொறுப்பு? வேலை நின்றால் கிரேன் காத்திருப்பு வாடகை யாருடையது? புதிய இடத்து ஏற்றிறக்குக் கூலி யார் கொடுப்பது? சண்டை பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான் முளைக்கும்.

6. இன்சூரன்ஸைத் தனியாகப் பேசி முடியுங்கள். கடலையே பார்க்காத பயணம் என்றாலும் இதற்குரிய பாலிசிக்குப் பெயர் 'மெரைன்' தான். ஏற்றும்போதும் இறக்கும்போதும் நேரும் சேதம் அதில் அடங்குமா என்று பாருங்கள். ஆபத்து அதிகம் அங்கேதான். "லாரிக்காரர் பொறுப்பு" என்று விட்டுவிடாதீர்கள். சாலைவழிச் சரக்குக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் பேசாவிட்டால் சரக்கு நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 15,000 ரூபாய் என்றால் கைக்கு வருவது அதிகபட்சம் ஒன்றரை லட்சம். உங்கள் மெஷினின் விலை என்ன?

7. வரும் ஆட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. அல்லது டபிள்யூ.சி. பாலிசியின் நகலை வாங்கி வையுங்கள். உங்கள் கூரைக்கடியில் ஒருவர் கால் நசுங்கினால், "அவரு காண்ட்ராக்டர் ஆளு" என்று சொல்லிச் சட்டத்தில் எளிதாக விலக முடியாது. மனசாட்சியிலும் முடியாது.

8. மெஷின் கம்பெனியின் சர்வீஸ் என்ஜினியரை முன்னதாகவே அழையுங்கள். சி.என்.சி. கண்ட்ரோலரின் பாராமீட்டர்கள் பல மாடல்களில் பேட்டரியின் தயவில் நிற்பவை. மின்சாரம் துண்டித்துப் பத்து நாள் கிடக்கும்போது பழைய பேட்டரி இறந்தால், மெஷினுக்கு எல்லாம் மறந்துபோகும். பேக்கப் எடுத்து, மெஷின் ஆன் ஆகியிருக்கும்போதே பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் மெயினை அணைக்க வேண்டும். ஜப்பானிய மெஷின்கள் சிலவற்றில் இடம் மாறினால் தானே பூட்டிக்கொள்ளும் கருவியும் உண்டு. கம்பெனி ஆள் வந்து திறக்கும்வரை ஓடாது. "இந்த மெஷின்ல அது இருக்குங்களா?" என்று காண்ட்ராக்டரே கேட்டால், அவர் இதற்கு முன் பட்டிருக்கிறார், கற்றிருக்கிறார்.

9. காகிதங்களைத் தயாராக வையுங்கள். விற்பனை இல்லாமல் சொந்த மெஷினை நகர்த்தினாலும் டெலிவரி சலான் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் இ-வே பில்லும் வேண்டும். புதிய முகவரியை ஜி.எஸ்.டி. பதிவில் முன்பே சேர்த்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. போனில் ரேட் சொல்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள். இடத்தைப் பார்க்காமல் சொன்ன தொகை பிறகு ஏறும். ஏறாவிட்டால் ஆட்களோ கருவியோ குறையும்.

2. குறைந்த ரேட்டை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு கொட்டேஷனுக்கு இடையே பத்தாயிரம் வித்தியாசம் என்றால், எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது லெவலிங்காகவோ காப்பீடாகவோ இருக்கும்.

3. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை மெஷின் லெவல் ஆகி, சோதனை ஜாப் அளவுக்குள் வந்தபின் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

4. கண்ட இடத்தில் பெல்ட் போட விடாதீர்கள். லேத்தில் லீட் ஸ்க்ரூவும் ஃபீட் ராடும் பெல்ட்டில் நசுங்கினால் வளைந்துவிடும். வி.எம்.சி.யில் கதவையும் தகட்டையும் பிடித்து இழுக்கக்கூடாது; ஸ்பிண்டில் தலைக்கு அடியில் மரக்கட்டை வைத்து நிறுத்திய பிறகே தூக்க வேண்டும். பவர் பிரஸ் தலைகனத்தது. கொஞ்சம் சாய்ந்தாலும் மீட்க முடியாது.

5. உங்கள் ஆட்களை "கொஞ்சம் தள்ளிப் பிடிங்கப்பா" என்று நடுவில் விடாதீர்கள். தொங்கும் பாரத்தைக் கையால் பிடிக்கக்கூடாது. கயிறு கட்டித் தள்ளி நின்றுதான் திருப்ப வேண்டும். ஆபரேட்டருக்குச் சைகை காட்டுவது ஒரே ஒருவர். முதலாளியும் சேர்ந்து கத்தினால் அது ஆபத்து.

6. நல்ல நேரத்துக்காக அவசரப்படுத்தாதீர்கள். நாலரை மணிக்குள் மெஷின் உள்ளே போக வேண்டும் என்று ஹைட்ராக்காரரை விரட்டுவது நம் ஊரில் நடப்பதுதான். நேரத்துக்கு ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷினைக் கொண்டுபோய் வைத்து, பால் காய்ச்சிப் பூஜையை முடியுங்கள். சாமி கோபிக்காது. பெரிய மெஷின் தன் நேரத்துக்கு வரட்டும்.

7. மழை நாளில் பிடிவாதம் வேண்டாம். ஐப்பசி மழையில் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் தேங்குவது கோவைக்காரர்கள் அறிந்ததே. ஈரத் தரையில் உருளை வழுக்கும். நனைந்த கண்ட்ரோல் பேனல் செலவு வைக்கும்.

8. இறக்கிய உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். புதிய இடத்தில் மின் ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஹைட்ராலிக் பம்ப் கெடலாம். முதலில் அதைச் சோதியுங்கள். பிறகு மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் லெவலை வைத்துச் சமன்செய்யுங்கள். சில வாரம் ஓடி, கான்கிரீட் அமர்ந்தபின் மறுபடி ஒருமுறை பாருங்கள். அந்த இரண்டாம் வருகை கொட்டேஷனில் இருக்கிறதா?

கடைசியாக ஒன்று. இரண்டு மூன்று பேரை அழைத்து உட்கார வைத்துப் பேசும்போது, நீங்கள் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருங்கள். "எடை எவ்வளவுங்க, மேனுவல் இருக்குங்களா, அந்தப் பக்கம் தரை எத்தனை இஞ்ச் கான்கிரீட், வாசல்ல லைன் போகுதுங்களா, லெவல் யாரு பாக்கறாங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே போனால் அட்வான்ஸ் கொடுங்கள். தரையைக் குனிந்துகூடப் பார்க்காமல், "நாளைக்கே வண்டி அனுப்பட்டுங்களா?" என்பவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த டீக்காசு மிச்சம்தான்.