கலங்கரை விளக்கத்தில் மூன்று கேள்விகள்

களப்பயணம் என்றாலே வேடிக்கை பார்ப்பது என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். நாமும் தலைகளை எண்ணுவதிலேயே களைத்துவிடுகிறோம். எட்டாம் வகுப்பு மாணவர்களை மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்கும் அங்குள்ள சிறு அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் சென்றபோது, மூன்று கேள்விகளை மட்டும் முன்கூட்டியே கொடுத்தேன்.

1. பெயர் எப்படி வந்தது?

கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். இரவில் கப்பல்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கேற்றியதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. பாறை மேலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலும், இன்றைய கற்கோபுரம் எழும் முன் விளக்கு மாடமாகப் பயன்பட்டது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கச் செய்தேன்.

2. விளக்கின் ஒளி எப்படித் தொலைதூரம் செல்கிறது?

சிதறும் ஒளியை வில்லை ஒரே திசையில் திருப்புகிறது. தடித்த வில்லைக்குப் பதிலாகக் கண்ணாடி வளையங்களை அடுக்கி எடையைக் குறைத்தவர் பிரான்ஸ் நாட்டு ஃபிரெனெல். அருங்காட்சியகத்தில் பழைய விளக்குகளையும் வில்லைகளையும் கண்டபின், வகுப்பில் டார்ச் விளக்கையும் உருப்பெருக்கியையும் கொண்டு செய்து பார்த்தோம்.

3. எவ்வளவு தொலைவு தெரியும்?

கண் இருக்கும் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், தொடுவானத்தின் தொலைவு ஏறத்தாழ கிலோமீட்டரில் கிடைக்கும். 1 மீட்டருக்கு 3.57 கி.மீ.; 25 மீட்டருக்கு 17.85 கி.மீ. உயரத்தை நான்கு மடங்காக்கினால் தொலைவு இரு மடங்கே ஆகும். வர்க்கமூலம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இங்கே விடை கிடைத்தது.

வகுப்பில் அதிகம் பேசாத மீனவர் வீட்டு மாணவன் ஒருவன், "எங்கப்பா போட்டுல ஜிபிஎஸ் இருக்கே, அப்புறம் இது எதுக்கு சார்?" என்று கேட்டான். விடையை நான் சொல்லவில்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் அவனே விளக்கினான்: "பேட்டரி தீர்ந்தா ஜிபிஎஸ் அணைஞ்சிடும். அப்ப வெளிச்சந்தான் கரையைக் காட்டும். எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுதுன்னு எண்ணினா எந்த ஊர் விளக்குன்னு தெரியும்." அன்று வகுப்புக்கு அவன்தான் ஆசிரியர். பாடநூலில் இல்லாத அந்த அறிவையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டேன்.

செல்வோருக்கு ஒரு குறிப்பு: மாடிப்படி குறுகலானது. பாதிப்பேர் அருங்காட்சியகத்தில் இருக்கும்போது மீதிப்பேர் ஏறலாம். பார்வை நேரத்தை முன்பே கேட்டறியுங்கள். கடலோரம் அல்லாத பள்ளிகளிலும் இரண்டாம், மூன்றாம் கேள்விகளை வகுப்பறையிலேயே நடத்தலாம்.